ஏற்காட்டு வீட்டில் ஹாட் டப்: 12 நாள் பூட்டிக் கிடந்த தண்ணீரில் இறங்கிவிட்டோம், இனி எப்படிப் பராமரிப்பது?

நாகலூர் ரோடு | புதன், இரவு 9:40

வணக்கம். நாங்கள் சேலம் அழகாபுரத்தில் குடியிருக்கிறோம். ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு உண்டு. அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். வெந்நீரில் காலை நீட்டி உட்கார்ந்தால் இரண்டு நாளைக்கு அவருக்கு நடை லேசாகிவிடும். அதற்காகவே போன வருஷம் பின்கட்டில் ஹாட் டப் வைத்தோம். நம் ஊரில் ஜாகுஸி என்பார்களே, அதுதான். நான்கு பேர் உட்காரலாம். அக்ரிலிக் தொட்டி, 1200 லிட்டர், 3 கிலோவாட் ஹீட்டர்.

ஞாயிறு சாயங்காலம் கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்து, மூடியைப் போட்டுப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கிவிடுவோம். நீச்சல்குளத்துக்கு விற்கும் குளோரின் வில்லை ஒன்று மிதவையில் கிடக்கும். ஒரு வாரம் விட்டு மறுவாரம் வெள்ளி இரவு மேலே போய் சுவிட்சைப் போட்டால் சனி மதியம் தண்ணீர் சூடாக இருக்கும். இதுதான் இத்தனை நாள் நடந்தது.

இந்தத் தடவை மூடியைத் திறந்ததும் ஒரு வாடை. அரிசி களைந்த தண்ணீரை இரண்டு நாள் வைத்தால் அடிக்குமே, அந்த மாதிரி. தண்ணீர் லேசாக வெளுத்திருந்தது. ஃபில்டரைத் தொட்டேன், வழுவழு என்று விரலில் ஒட்டியது. வீட்டில் கிணற்றுக்குப் போட வைத்திருந்த பிளீச்சிங் பவுடர் இரண்டு கை அள்ளிப் போட்டேன். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டது. சரி, சரியாகிவிட்டது என்று எல்லாரையும் இறங்கச் சொன்னேன்.

திங்கள் காலை மகளுக்கு (9 வயது) இடுப்பைச் சுற்றியும் தொடையிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரி. நீச்சல் உடை இறுக்கிப் பிடித்த இடத்தில்தான் அதிகம். அண்ணிக்கும் அப்படியே. தோல் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே "எங்கே குளித்தீர்கள்?" என்பதுதான். மகள் ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்ததைப் பார்க்க மனசு தாங்கவில்லை.

இதை ஒழுங்காக வைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி டாக்டர் | புதன், இரவு 10:25

குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது? நீங்கள் சொல்வது ஹாட் டப் பொரிதான். சூடோமோனாஸ் என்ற கிருமி ரோமக்கால்களுக்குள் போவதால் வருவது. பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் தெரியும், ஐந்து நாள்கூட ஆகலாம். ஈரத் துணி உடம்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் அதிகமாக வரும். நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களுக்கு அனேகமாகத் தானாகவே ஆறிவிடும். சொறிந்து புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தாலோ சீழ் கட்டினாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அன்று போட்ட நீச்சல் உடையை நன்றாகத் துவைத்துக் காயவைத்த பிறகே திரும்பப் போடவேண்டும்.

எனக்கு இதைவிடக் கவலை உங்கள் அப்பாவைப் பற்றி. லெஜியோனெல்லா என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. 25 முதல் 45 டிகிரி வரை உள்ள தண்ணீர் அதற்குப் பிடித்தமானது. உங்கள் தொட்டி சூடேறும்போதும் ஆறும்போதும் அந்த அளவில்தான் இருக்கிறது. ஜெட் பீய்ச்சும்போது எழும் நுண்ணிய திவலையை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரலாம். 50 வயது தாண்டியவர்கள், புகை பிடிப்பவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். 1999-இல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே பார்வைக்கு வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து இந்தக் கிருமி பரவி 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் தண்ணீரில் இறங்கக்கூட இல்லை, பக்கத்தில் நடந்து போனவர்கள்.

குளித்து 14 நாள் வரை அறிகுறி வரலாம். அப்பாவுக்கு இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல், உடல்வலி எது வந்தாலும் டாக்டரிடம் போய் "ஹாட் டப்பில் இருந்தார்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்தச் சோதனை எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

வேதியியல் டீச்சர் | வியாழன், காலை 6:15

தம்பி, முதலில் ஒன்று. மிதவையில் வில்லை கிடக்கும்போது அதே தண்ணீரில் பிளீச்சிங் பவுடரையும் போட்டிருக்கிறீர்கள். அந்த வில்லை ட்ரைகுளோர். பிளீச்சிங் பவுடர் கால்சியம் ஹைப்போகுளோரைட் வகை. இரண்டும் குளோரின்தானே என்று நினைக்கவே கூடாது. ஈரத்தோடு ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். 1200 லிட்டரில் கரைந்ததால் தப்பித்தீர்கள். ஒரே மக்கில், ஒரே கரண்டியில் இரண்டையும் அள்ளியிருந்தால் கதை வேறு. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள். மேலே வீட்டைப் பார்த்துக்கொள்பவர் இருந்தால் இப்போதே போன் செய்யுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 33 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தவள் நான். மகன் வீட்டில் இந்தத் தொட்டி இருப்பதால் நான்கு வருஷமாக அதன் தண்ணீரை நானே பரிசோதித்து வருகிறேன்.

நீச்சல்குளத்தின் கணக்கு இதற்குப் பொருந்தாது. ஒரு குளத்தில் நான்கு பேர் இறங்கினால் அவர்கள் வியர்வையும் அழுக்கும் லட்சம் லிட்டரில் கரையும். உங்கள் தொட்டியில் அதே நான்கு பேருக்கு 1200 லிட்டர்தான். அதோடு சூடும் காற்றுக் குமிழியும் சேர்ந்து குளோரினை விரட்டிவிடும். எங்கள் தொட்டியில் இரவு 10 மணிக்கு குளோரினை 5 பிபிஎம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) வைத்துவிட்டுப் படுத்தேன். இரண்டு பேர் அரைமணி நேரம் இருந்தார்கள். காலையில் பார்த்தால் 1.

நீங்கள் பவுடர் போட்டதும் தண்ணீர் தெளிந்ததல்லவா, அது கண்ணுக்குத்தான் தெளிந்தது. போட்ட குளோரின் மிதந்த அழுக்கோடு சண்டை போட்டே செலவாகிவிட்டது. குழாய்க்குள் ஒட்டியிருந்த வழுவழுப்பைத் தொடவே இல்லை. பம்பு ஓடியதும் அது பிய்ந்து தண்ணீரோடு வந்திருக்கும். இறங்கும் முன் அளந்தீர்களா? அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. ஹாட் டப்புக்குச் சொல்வது, எப்போதும் குறைந்தது 3 பிபிஎம் குளோரின், புரோமின் என்றால் 4 முதல் 8. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். 7.0-க்கும் 7.8-க்கும் நடுவே. பி.ஹெச். 8-ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் கொல்லும் வேகம் குறைந்துவிடும்.

அந்த வில்லையை விட்டுவிடுங்கள். கடுமையான அமிலத்தன்மை. ஓடாத தண்ணீரில் மிதவை ஒரே இடத்தில் நின்றால் அக்ரிலிக்கையே வெளுக்கும். அதில் சயனூரிக் அமிலமும் இருக்கிறது. குளோரின் செலவானாலும் அது தண்ணீரிலேயே தங்கி, அடுத்து போடும் குளோரினை மந்தமாக்கும். ஹாட் டப்புக்கு சயனூரிக் சேர்ந்த குளோரின் வேண்டாம் என்றே சி.டி.சி. சொல்கிறது. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். கிணற்றுக்கு அது நல்ல பொருள். இதில் போட்டால் அடியில் தங்கும் சுண்ணாம்பு மண்டியெல்லாம் ஃபில்டரில் போய் அடைக்கும்.

திரவ ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) வாங்குங்கள். 10 சதவீதச் சரக்கு என்றால் 1000 லிட்டருக்கு 10 மில்லி ஊற்ற 1 பிபிஎம் ஏறும். உங்கள் தொட்டிக்கு 3 பிபிஎம் ஏற்ற 36 மில்லி. மருந்து ஊற்றும் சின்ன அளவுக் குவளை போதும். சேலம் வெயிலில் ஹைப்போ சீக்கிரம் வீரியம் இழக்கும். 5 லிட்டருக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள், நிழலில் வையுங்கள்.

நாகலூர் ரோடு | வியாழன், காலை 7:05

டீச்சர், படித்ததும் கை நடுங்கிவிட்டது. இரண்டு டப்பாவும் ஒரே தட்டில்தான் இருந்தன. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு போன் செய்து இப்போதே தனித்தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். நான் அளக்கவில்லை. அளக்க என்ன வேண்டும் என்றே தெரியாது.

டாக்டர், அப்பா நன்றாக இருக்கிறார். 14 நாளும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மகளுக்கு அரிப்பு குறைந்திருக்கிறது.

வேதியியல் டீச்சர் | வியாழன், காலை 7:30

தண்ணீர்த் தொட்டியில் குளோரின் பார்க்க மஞ்சள் நிறம் வரும் சொட்டு மருந்து வைத்திருப்பார்களே, அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். செலவாகிப்போன குளோரினும் அதில் சேர்ந்துவிடும். உங்களுக்குத் தெரியவேண்டியது இன்னும் வேலை செய்யும் நிலையில் இருக்கும் குளோரின். அதற்கு டிபிடி கிட், இளஞ்சிவப்பு நிறம் வரும். கூடவே பி.ஹெச்., அல்கலினிட்டி (பி.ஹெச். சட்டென்று மாறாமல் தாங்கும் தன்மை) அளக்கும் சொட்டுகளும் வேண்டும். பட்டையை நனைத்துப் பார்ப்பதும் பரவாயில்லை, ஆனால் மலையின் ஈரக்காற்றில் டப்பா மூடி சரியாக இல்லாவிட்டால் பட்டை கெட்டுவிடும்.

மூக்கு எரிகிற குளோரின் வாடை வந்தால் அதிகமாகிவிட்டது என்று குறைக்காதீர்கள். பெரும்பாலும் அது அழுக்கோடு சேர்ந்துபோன குளோரினின் வாடை. போதவில்லை என்று அர்த்தம்.

அடிவாரம் பைப்லைன் | வியாழன், மதியம் 1:50

சார், நான் ஏற்காடு அடிவாரத்தில் பிளம்பிங் வேலை செய்கிறேன். மேலே எஸ்டேட் பங்களாக்கள், ரிசார்ட்டுகள் என்று இந்தத் தொட்டிகளை மாட்டுவது, கழற்றுவது எல்லாம் செய்திருக்கிறேன். டீச்சர் அம்மா சொன்ன வழுவழுப்பைக் கண்ணால் பார்த்தவன்.

போன மழைக்காலத்தில் ஒரு தொட்டியின் ஜெட் லைனை அறுக்க வேண்டி வந்தது. ஒன்றரை இன்ச் பைப். உள்ளே பார்த்தால் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு தோல், கொழகொழவென்று, இளநீர் வழுக்கை கனத்துக்கு. வெளியே தொட்டி கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் தோல் சுருளாக வருகிறது. அந்த வீட்டுக்காரரும் உங்களைப் போலத்தான், ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிடுவார்.

இப்போது இருக்கும் தண்ணீரை அப்படியே கொட்டாதீர்கள். முதலில் லைனைக் கழுவ வேண்டும். ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டு, பைப் கழுவும் மருந்தை ஊற்றி, எல்லா ஜெட்டையும் திறந்து பம்பை ஓட்டுங்கள். மருந்துப் புட்டியில் போட்டிருக்கும் நேரம் முழுக்க ஓடட்டும். மேலே பழுப்பாக நுரை எழும், அதை வழித்து எறியுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வாய் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பிறகு வடித்து, தொட்டியைத் துடைத்து, புதுத் தண்ணீர் பிடித்து, அதையும் ஒரு தரம் ஓட்டி வடியுங்கள்.

பலருக்குத் தெரியாதது, தொட்டியை வடித்தாலும் பைப்பின் வளைவுகளிலும் பம்பு வயிற்றிலும் சில லிட்டர் தண்ணீர் நின்றுவிடும். காலி செய்துவிட்டோம் என்று மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் அங்கேயே கிருமி வளரும். ஈரம் உறிஞ்சும் வேக்யூமை ஒவ்வொரு ஜெட் வாயிலும் வைத்து இழுக்க வேண்டும். பம்பின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும், அதையும் திறந்துவிடுங்கள்.

திரும்ப நிரப்பும்போது ஹோஸைத் தொட்டிக்குள் போடாமல் ஃபில்டர் இருக்கும் குழிக்குள் விடுங்கள். இல்லாவிட்டால் பம்பில் காற்று அடைத்துக்கொள்ளும். பம்பு உறுமும், தண்ணீர் வராது. ஹீட்டர் எர்ரர் காட்டி நின்றுவிடும். பாதி சர்வீஸ் போன்கள் எனக்கு இதற்குத்தான் வருகின்றன. மீதிப் பாதி அடைத்த ஃபில்டரால். ஓட்டம் குறைந்தால் ஹீட்டர் தானே நின்றுகொள்ளும், அது பழுதில்லை.

ஃபில்டரை வாரம் ஒரு தடவை கழற்றி ஹோஸ் தண்ணீரில் மடிப்பு மடிப்பாக மேலிருந்து கீழே கழுவுங்கள். கார் கழுவும் பிரஷர் துப்பாக்கி வேண்டாம், துணி கிழிந்துவிடும். மாதம் ஒரு தடவை ஃபில்டர் கழுவும் மருந்தில் ஓர் இரவு ஊறட்டும். எண்ணெய்ப் பிசுக்கு போகும் முன்னே ஆசிட்டில் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பிசுக்கை உள்ளேயே இறுக்கிவிடும். இரண்டு ஃபில்டர் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று நன்றாகக் காய நேரம் கிடைக்கும். உங்களிடம் இப்போது இருப்பதைத் தூக்கிப் போடுங்கள் சார், கழுவிப் பயனில்லை.

அஸ்தம்பட்டி டாக்டர் | வியாழன், மாலை 4:10

பைப்லைன் தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொரி வந்த தொட்டி என்பதால், கழுவி நிரப்பிய பிறகு குளோரினை 20 பிபிஎம்முக்கு ஏற்றி 10 மணி நேரம் அதே அளவில் வைத்துச் சுற்றவிட வேண்டும். அந்த நேரம் யாரும் இறங்கக்கூடாது, குழந்தைகள் பக்கத்தில் போகக்கூடாது. பிறகு 3, 4-க்கு இறங்கும் வரை காத்திருங்கள்.

மிளகுக்கொடி | வியாழன், இரவு 8:00

நாங்கள் மூன்று தலைமுறையாக இங்கே காப்பி, மிளகு வைத்திருக்கிறோம். தங்கும் விருந்தாளிகளுக்காக ஆறு வருஷமாக ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். மலைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சேர்வராயன் மலையின் ஊற்றுத் தண்ணீர் குடிக்க அமிர்தம். சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். ஆனால் அதில் உப்பும் சுண்ணாம்பும் மிகக் குறைவு. அப்படிப்பட்ட தண்ணீரில் பி.ஹெச். நிலைத்து நிற்காது, ஒரு சொட்டு அமிலத்துக்கும் சரேலென்று இறங்கிவிடும். உலோகத்தை அரிக்கும். என் முதல் ஹீட்டர் போனதற்கு அதுதான் காரணம் என்று பிறகுதான் புரிந்தது.

இன்னொன்று, நம் செம்மண். பாக்ஸைட் வெட்டி எடுத்த மலை இது, இரும்புச் சத்துக்குக் குறைவில்லை. என் கிணற்றுத் தண்ணீர் குழாயில் பளிங்கு மாதிரி வரும். தொட்டியை நிரப்பி, முதல் ஹைப்போவை ஊற்றிக் கலக்கினேன். ஐந்து நிமிஷத்தில் மொத்தத் தண்ணீரும் கட்டங்காப்பி நிறத்துக்கு மாறிவிட்டது. கரைந்திருந்த இரும்பு குளோரின் பட்டதும் துருவாகப் பிரிந்ததுதான் விஷயம். வெள்ளைத் தொட்டியில் பழுப்பு வளையம் விழுந்து, அதைப் போக்க ஒரு வாரம் ஆனது. இப்போதெல்லாம் முதல் நாளே தண்ணீரை சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்து, அங்கேயே ஹைப்போ ஊற்றி ஓர் இரவு தெளியவிடுகிறேன். காலையில் அடி மண்டியை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுக்கிறேன். நாகலூர்ப் பக்கம் உங்கள் கிணறு எப்படியோ, ஒரு வாளியில் பிடித்து ஹைப்போ விட்டு முதலில் பாருங்கள்.

பழைய தண்ணீரை ஓடையில் திறந்துவிடாதீர்கள், தயவுசெய்து. கீழே மீன் இருக்கிறது, மாடு குடிக்கிறது. குளோரின் போடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். அளந்து உறுதி செய்தபின் புல்தரைக்குப் பரவலாக விடலாம். பைப் கழுவிய மருந்துத் தண்ணீரை மட்டும் செடிக்கே விடவேண்டாம், கழிவுநீர்க் குழிக்குப் போகட்டும். மிளகுக்கொடி வேருக்கு எதையும் விடாதீர்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊர் இது, 1200 லிட்டரைச் சும்மா ஓட விட மனம் வராது.

குரங்குக்கும் ஒரு வழி செய்யுங்கள். மூடியின் ரெக்ஸினை ஒரே நாளில் உரித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டன. கிழிந்த மூடி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், சூடும் தங்காது. நான் மேலே தகரச் சட்டம் போட்ட பிறகுதான் நிம்மதி.

மொட்டைமாடித் தொட்டி | வெள்ளி, காலை 10:20

மிளகுக்கொடி அண்ணாவின் பிரச்சினைக்கு நேர் எதிர் என்னுடையது. ஃபேர்லேண்ட்ஸில் மொட்டைமாடியில் தொட்டி. ஆரம்பத்தில் போர் தண்ணீரில் நிரப்பினேன். மேக்னசைட் வெட்டும் ஊரின் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றே மாதத்தில் ஹீட்டரில் உப்புப் பிடித்து, தொட்டிச் சுவர் சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி ஆனது. இப்போது மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் மட்டும் நிரப்புகிறேன். கால்சியம் 150 பிபிஎம்முக்கும் 250-க்கும் நடுவே இருந்தால் அரிப்பும் இல்லை, படிவும் இல்லை.

நான் சொல்ல வந்தது எண்ணெய் பற்றி. தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். தலைக்கு நல்லெண்ணெய் வைத்து சீயக்காய் போட்டுக் குளித்தவர்கள்தான், இருந்தும் மறுநாள் தொட்டியில் இறங்கியதும் தண்ணீர் விளிம்பில் விரல் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு பிசுக்கு வளையம். ஜெட்டைப் போட்டால் சோப்புத் தொட்டி மாதிரி நுரை வழிகிறது. நுரையில் பாதி துணியிலிருந்து வந்தது. பவுடர் போட்டுத் துவைத்த துணியில் சோப்பு தங்கியிருக்கும், வெந்நீரில் அது அத்தனையும் இறங்கும். இப்போது எங்கள் வீட்டில் சட்டம்: சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்கணும், எண்ணெய் வைத்த தலையைத் தண்ணீரில் முக்கக்கூடாது, தொட்டிக்கென்று தனித் துணி, அதை வெறும் தண்ணீரில் அலசினால் போதும். யார் வந்தாலும் இதில் தாட்சண்யம் கிடையாது. இதைச் செய்ததிலிருந்து எனக்குக் குளோரின் பாதிக்குப் பாதிதான் செலவாகிறது.

அடிவாரம் பைப்லைன் | வெள்ளி, மதியம் 12:45

அல்கலினிட்டி 80 முதல் 120 இருக்கட்டும் சார். மலைத் தண்ணீரில் 30 கூட இருக்காது. சமையல் சோடா போட்டால் ஏறும்.

வேதியியல் டீச்சர் | வெள்ளி, மதியம் 2:30

பொதுவாக 80 முதல் 120 என்பது சரிதான். ஆனால் ஹைப்போ ஊற்றி, ஜெட்டும் நிறைய ஓட்டும் வீட்டில் 120 வைத்தால் பி.ஹெச். ஏறிக்கொண்டே போகும். குமிழி போகும்போது தண்ணீரில் இருக்கும் கரியமிலவாயுவும் வெளியேறுவதால் அப்படி. எங்கள் வீட்டில் 60-இல் வைத்தபோதுதான் பி.ஹெச். ஒரு வாரம் 7.5-இல் நின்றது. தம்பி 80-இல் தொடங்கட்டும். தினமும் பி.ஹெச். ஏறினால் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம்.

1000 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற 17 கிராம் சமையல் சோடா. 30-இலிருந்து 80-க்கு உங்கள் தொட்டிக்கு 100 கிராம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். எதையும் தண்ணீரில்தான் போடவேண்டும், பொருளின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. பி.ஹெச். குறைக்க டிரை ஆசிட் கிடைக்கும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றலாமா என்று யாரோ கேட்பார்கள், வேண்டாம். ஆசிட்டும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஒன்றை ஊற்றிச் சுற்றவிட்டு, அரைமணி கழித்துத்தான் அடுத்தது.

அடிவாரம் பைப்லைன் | வெள்ளி, மதியம் 3:05

60 எனக்குப் புதுசு. உங்கள் அளவு நோட்டைப் பார்த்தால் நம்புகிறேன் டீச்சர். நான் மாட்டும் தொட்டிகளிலும் பார்க்கிறேன்.

லைன்மேன் ஓய்வு | வெள்ளி, இரவு 7:15

மெயினை அணைப்பது பற்றி யாரும் மின்சாரக் கணக்கு போடவில்லை. 1200 லிட்டரை 20 டிகிரி ஏற்ற ஏறத்தாழ 28 யூனிட். 3 கிலோவாட் ஹீட்டருக்கு 9 மணி நேரத்துக்கு மேல். அணைத்து மறுபடி சூடாக்கினால் நிறைய மிச்சம் என்று நினைப்பார்கள், நல்ல மூடி இருந்தால் நினைக்கிற அளவு இல்லை. மலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் ஹீட்டர் 60 சதவீதச் சூடுதான் தரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இந்தத் தொட்டி ஓடவே கூடாது. மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா பாருங்கள். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டிருப்பார்கள். கோடையில் பாறை மண் காய்ந்துவிடும், வாரம் ஒரு குடம் ஊற்றுங்கள். இடி மின்னல் நேரத்தில் யாரும் தொட்டியில் இருக்கக்கூடாது.

வேதியியல் டீச்சர் | வெள்ளி, இரவு 8:40

லைன்மேன் ஐயா சொன்னதிலிருந்தே தம்பியின் கேள்விக்கு விடை வருகிறது. ஆள் இல்லாத நாளில் சூட்டைக் குறைக்கலாம், சுற்றோட்டத்தை நிறுத்தக்கூடாது. பம்பு தினமும் ஓடவேண்டும், யாராவது தினமும் அளந்து ஹைப்போ ஊற்றவேண்டும். குளிர்ந்த தண்ணீரில் குளோரின் மெதுவாகத்தான் செலவாகும். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு அளக்கக் கற்றுக்கொடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஒவ்வொரு தடவையும் வடித்துக் காயவைத்துவிட்டு வாருங்கள். பாதி அது, பாதி இது என்று வைத்ததால்தான் குழந்தைக்கு வந்தது.

தண்ணீர் மாற்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. லிட்டரை 11-ஆல் வகுத்து, ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பேர் இறங்குகிறார்களோ அதால் வகுத்தால் எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றவேண்டும் என்று வரும். தினம் இரண்டு பேர் என்றால் உங்களுக்கு 54 நாள். வார இறுதி மட்டும் என்றால் இன்னும் நாள் போகும், இருந்தாலும் 4 மாதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

அஸ்தம்பட்டி டாக்டர் | சனி, காலை 8:00

சூடு 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். அப்பாவுக்கு 38 போதும், 15 நிமிஷத்தில் எழுப்பிவிடுங்கள். எழும்போது தலை சுற்றும், யாராவது கைபிடிக்கவேண்டும். பி.பி., இதய மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அவருடைய டாக்டரைக் கேட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளும் கேட்காமல் இறங்கக்கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இறக்கவே வேண்டாம். உறிஞ்சு துவாரத்தின் மூடி உடைந்திருந்தால் தொட்டியைப் பூட்டிவிடுங்கள், நீள முடி அதில் சிக்கும். மகளுக்குப் பின்னலைத் தூக்கிக் கட்டிவிடுங்கள்.

நாகலூர் ரோடு | 6 வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8:30

எல்லாருக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகளுக்குப் பொரி ஒன்பதாம் நாளே போய்விட்டது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, 14 நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடிவாரம் பைப்லைன் அண்ணன் இழையைப் பார்த்து நேரிலேயே வந்துவிட்டார். மருந்து ஊற்றிப் பம்பை ஓட்டியதும் முதல் பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஜெட் வாய்களிலிருந்து சாம்பல் நிறத் துணுக்குகள், ஈரமான காகிதக் கிழிசல் மாதிரி, சுழன்று சுழன்று வந்தன. நுரை பழுப்பாகி விளிம்பைத் தொட்டது. அந்த வாடையை என்னால் மறக்க முடியாது. மகள் இதற்குள்தான் இருந்தாள் என்று நினைத்தபோது அங்கே நிற்க முடியவில்லை. இரண்டு தடவை ஓட்டி வடித்தோம். மூன்றாம் தடவைதான் சுத்தமாக வந்தது. டாக்டர் சொன்னபடி 20 பிபிஎம்மில் 10 மணி நேரம் வைத்தோம்.

மிளகுக்கொடி அண்ணா, உங்கள் வாளிப் பரிசோதனையை முதலில் செய்தேன். லேசான டீ நிறம் வந்தது. அதனால் நாங்களும் சின்டெக்ஸில் தெளியவிட்டுத்தான் நிரப்பினோம். அல்கலினிட்டி 30-க்கும் கீழே இருந்தது. 110 கிராம் சமையல் சோடா பிடித்தது.

மெயினை இப்போது அணைப்பதில்லை. ஆள் இல்லாத நாளில் பம்பு காலை இரண்டு மணி நேரம், ராத்திரி இரண்டு மணி நேரம் ஓடுகிறது. வெள்ளி காலை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சூட்டை ஏற்றிவிடுவார். அவருக்கு அளக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள்தான் ஆனது. டிபிடி குழாயைச் சாய்க்காமல் கண்ணுக்கு நேரே, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்று பார்க்கவேண்டும் என்று இப்போது அவர் எனக்குச் சொல்கிறார். காலையில் பால் வாங்கிவிட்டு வந்ததும் அளந்து, ஒரு பழைய டைரியில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறார். குளிரும் நாளில் 10 மில்லி போதும், ஆள் இறங்கிய மறுநாள் 40 வரை போகிறது. ஹைப்போ ஊற்றிய பிறகு மூடியைக் கால்மணி நேரம் திறந்தே வைக்கிறார், ஆவி மூடியைக் கெடுக்காமல் இருக்க.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அடுத்த மாதம் அவர் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போகிறார், 10 நாள் இருக்கமாட்டார்.

அடிவாரம் பைப்லைன் | ஞாயிறு, இரவு 9:10

அவர் கிளம்பும் முதல் நாள் சொல்லுங்கள் சார். வேக்யூமோடு வந்து வடித்துக் காயவைத்துவிடுகிறேன். மூடியை ஒரு செங்கல் வைத்துத் தூக்கி விடலாம், காற்று போகட்டும். அவர் திரும்பியதும் நிரப்பிக்கொள்ளலாம்.

மிளகுக்கொடி | ஞாயிறு, இரவு 9:25

செங்கல் வைத்தால் குரங்கு நுழையும். கொசுவலைச் சட்டம் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, உங்கள் தொட்டி அளவைச் சொல்லுங்கள்.

நாகலூர் ரோடு | ஞாயிறு, இரவு 9:31

ஆறரை அடிக்கு ஐந்தே முக்கால் அடி அண்ணா. சனிக்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்கிறேன்.